ராயபுரம் கரையில் பன்னிரண்டு அங்குலம்

போன மாசி மாதம் ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒரு பெட்டிக் காமிராவைத் தூக்கிக்கொண்டு ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அலைந்துவிட்டு வந்தேன். போன காரியம் சின்னது. நான் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு இயற்கைப் பாடம் நடத்துகிறவள். எங்கள் வகுப்புச் சுவரில் இருப்பது ஒரே ஒரு படம், சிங்கம். அதன் பிடரியையும் எலி தின்றுவிட்டது. "நண்டுக்குக் கண்ணு எங்க டீச்சர் இருக்கும்?" என்று ஒரு பெண் கேட்டாள். புதுப் படம் வாங்கித் தரச் சொல்லித் தலைமையாசிரியரிடம் போனேன். அவர் விட்ட பெருமூச்சில் மேஜைமேல் இருந்த காகிதம் பறந்தது. "நானே எடுத்துக்கொள்கிறேன்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

இந்தப் பயணத்தை எழுதுவதா வேண்டாமா என்று மூன்று வாரம் யோசித்தேன். ஆனால் என்னைப்போல் மலிவுக் காமிரா வைத்துக்கொண்டு கிட்டத்திலிருந்து படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் செய்ததை நீங்களும் செய்துவிடக்கூடாது.

முதலில் சாமான்கள். காமிரா பழசு, மூர் மார்க்கெட்டில் இரண்டு வருஷத்துக்கு முன் பதினோரு ரூபாய்க்கு வாங்கியது. இந்த மாதிரிப் பெட்டிக் காமிராவுக்கு ஏழெட்டு அடி தள்ளி நிற்கிற மாமாவும் மாமியும்தான் தெளிவாக விழுவார்கள். நண்டை எடுத்தால் அழுக்குத் திட்டுதான் விழும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. வெள்ளெழுத்துக் கண்ணாடியின் ஒற்றைச் சில்லு பிராட்வே நடைபாதையில் ஆறணாவுக்குக் கிடைக்கிறது. மூன்றாம் நம்பர் என்று கேட்டு வாங்க வேண்டும். அதைக் காமிராவின் கண்ணுக்கு முன்னால் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டால் பெட்டிக்குக் கிட்டப்பார்வை வந்துவிடும். பிளாஸ்திரி ஓரணா.

எவ்வளவு கிட்டம் என்பதையும் கண்டுபிடிக்க வேண்டுமே. பின்மூடியைத் திறந்து, பிலிம் ஓடுகிற இடத்தில் பட்டர் பேப்பரை விறைப்பாக ஒட்டினேன். ஷட்டரைத் திறந்தபடி வைத்து, எதிரே ஒரு மெழுகுவர்த்தியை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தேன். சரியாகப் பன்னிரண்டு அங்குலத்தில் திரி தலைகீழாக, ஆனால் ஊசிமுனை மாதிரித் தெளிவாக விழுந்தது. ஓர் அங்குலம் முன்னே பின்னே போனாலும் மங்கல்தான். ஆகவே சில்லுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு அங்குல நூல் ஒன்றைக் கட்டித் தொங்கவிட வேண்டும். நூலின் நுனி நண்டின் மூக்கைத் தொட்டால் தூரம் சரி. மேலே இருக்கிற பார்வைக் கண்ணாடியை நம்பாதீர்கள். கிட்டத்தில் அது காட்டுவது ஒன்று, பிலிமில் விழுவது இன்னொன்று. நூல் எந்தப் பக்கம் நீட்டுகிறதோ அங்கேதான் படம் விழும். ஆக, எல்லாம் இந்த நூலில்தான் இருக்கிறது.

சனிக்கிழமை மதியம் ஒன்றேகாலுக்குப் புரசைவாக்கத்தில் பஸ் ஏறினேன். டிராம் நின்றுபோன பிறகு பஸ்தான் கதி. பாரிமுனை வரை இரண்டணா, அங்கிருந்து ராயபுரம் ஓரணா. கடற்கரைக்குப் போகும்போது மணி இரண்டேகால். துறைமுகத்துச் சரக்கு ரயில்பாதை ஓரமாகத் துருப்பிடித்த ஒரு போல்ட்டை முதல் படமாக எடுத்தேன். இரும்பு எப்படித் தோல் உரிகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

குப்பத்துப் பக்கம் மணலில் இறங்கினதும் என் செருப்பு வார் அறுந்தது. மாசி வெயிலில் மணல் அடுப்புக்கல்லாகக் கிடந்தது. வெறுங்காலோடு நாலடி நடக்க முடியவில்லை. கையில் இருந்த ஒரே நூல் காமிராவில் தொங்கினதுதான். அதை அவிழ்த்துச் செருப்பைக் கட்டிக்கொண்டேன். அப்போது அது பெரிய சாமர்த்தியமாகத்தான் தெரிந்தது.

ஒரு குடிசை வாசலில் பழைய பாய்மேல் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அதைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும், முப்பத்தைந்து. பெயர் அஞ்சலை. மீன் கண்ணைப் படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"இன்னாம்மா இது, கருவாட்ட போய் போட்டோ புடிக்கிற? மன்சாளு யாரும் கெடிக்கிலியா ஒனுக்கு?" என்று சிரித்தாள். "புடி, புடி. காசா கேக்கப் போறேன்?"

கருவாட்டுக் கண் இரண்டாவது படம். நூல் இல்லாமல் குத்துமதிப்பாக எடுத்தேன். மங்கலாகத்தான் போகும் என்று எடுக்கும்போதே தெரிந்து எரிச்சலாக இருந்தது. ஒரு படத்துக்கு ஆறு காசு, ஏழு காசு இல்லை, கிட்டத்தட்ட ஐந்தணா. ஒரு சுருளில் எட்டே படம். இரண்டு ரூபாய் ஆறணாச் சுருளை இப்படிக் குத்துமதிப்பில் கரைக்க எனக்கு மனசு வரவில்லை.

அஞ்சலையின் வாசலிலிருந்து முப்பது கஜம் தள்ளி மணலில் கட்டைகள் கிடந்தன. படகு மாதிரி வளைந்து செதுக்கிய நீளக் கட்டைகள், நாலு நாலாகத் தனித்தனியே பிரித்துப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் தேங்காய் நார்க் கயிறு சுருள் சுருளாகக் கிடந்தது. கட்டைகளும் உப்பேறி வெளுத்திருந்தன, கயிறும் வெளுத்திருந்தது. உடைந்து ஒதுக்கின படகு, வீசிப்போட்ட பழங்கயிறு என்று நினைத்தேன். மெட்ராஸில் பிறந்து வளர்ந்தவள் நான். கட்டுமரம் என்ற சொல்லை ஆயிரம் முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அதைக் கட்டுவதையோ அவிழ்ப்பதையோ ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

ஒரு கயிற்றின் நுனியில், புரி அவிழாமல் இருக்க, மஞ்சள் கட்டம் போட்ட சிவப்புச் சீலைத் துணி சுற்றிக் கட்டியிருந்தது. துணியைப் பிரித்தேன். மூன்று புரிக் கயிறு. அதில் ஒரு புரியை மட்டும் உருவி, பிளாஸ்திரி வெட்டக் கொண்டுபோன கத்தரிக்கோலால் பதிமூன்று அங்குலம் வெட்டி எடுத்தேன். முடிச்சுக்கு ஓர் அங்குலம் சேர்த்து. பிறகு, எதையும் கலைத்துப் போட்டுவிட்டு வரக்கூடாது என்கிற டீச்சர் புத்தியில், துணியை மறுபடியும் இறுக்கமாகச் சுற்றி, முன்னால் இருந்ததைவிட அழகாகவே கட்டி வைத்தேன்.

கேட்பதற்கு ஆள் இல்லை என்று எழுதினால் பொய். அஞ்சலை முப்பது கஜத்தில் நின்றாள். கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைக் கேட்காமல் எடுத்தால் பெஞ்சுமேல் ஏற்றி நிற்கவைக்கிறவள் நான்.

நார்ப்புரி விறைப்பாக நின்றது. நூலைவிடப் பத்து மடங்கு தேவலை. கட்டையின் அடியில் வெள்ளைச் சிப்பி மாதிரி ஒட்டியிருந்த பூச்சிக் கூடுகள் மூன்றாம் படம். அந்தக் கயிற்று நுனியையே, சிவப்புத் துணிச் சுற்றோடு, நாலாம் படமாக எடுத்தேன். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. நாலரைக்கு டீ குடித்துவிட்டு, மூன்றணா செலவில் வீடு வந்து சேர்ந்தேன். அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமானவள் ஊரில் இல்லை.

ஞாயிறு காலை சென்ட்ரலுக்குப் பஸ் ஓரணா, எண்ணூருக்கு மூன்றாம் வகுப்பு ஐந்தணா. ஆறு நாற்பதுக்குக் கிளம்பின பாசஞ்சர் கொருக்குப்பேட்டையில் சரக்கு வண்டிக்கு வழிவிட்டு நின்றது. திருவொற்றியூரில் இரவு வேலை முடிந்து வந்த ஆலைத் தொழிலாளிகள் எதிர் மேடையில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஏழு நாற்பதுக்கு எண்ணூர். ஸ்டேஷனிலிருந்து கழிமுகம் நடை தூரம்தான். வெளிச்சம் சாய்வாக விழுகிற அந்த நேரம் கிட்டத்துப் படங்களுக்கு ரொம்ப நல்லது. சேற்று ஓரத்தில் பூத்திருந்த உப்பு ஐந்தாம் படம். வளைக்கு வெளியே ஒற்றைக் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நின்ற சின்ன நண்டு ஆறாம் படம். கால்மணி நேரம் குப்புறப் படுத்துக் காத்திருந்து எடுத்தேன். கண் குச்சிமேல் இருக்கிறது, என் வகுப்புப் பெண்ணே!

எழுந்து புடவையில் இருந்த சேற்றைத் தட்டும்போது பக்கத்தில் இரண்டு பேர் கட்டைகளைத் தண்ணீரோரம் வரிசையாக வைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்கள். கழியில் வலை போடப் போகிறவர்கள். நேற்று ராயபுரத்தில் பார்த்த அதே மாதிரிக் கட்டைகள். கிட்டே போனேன்.

"தினமும் இப்படிக் கட்டுவீங்களா?" என்று கேட்டேன்.

பெரியவர் கயிற்றைக் காலால் மிதித்து இழுத்தபடியே சொன்னார்: "பின்ன? கரைக்கு வந்தவொடனே அவுத்துக் காய வெச்சுடணும்மா. தண்ணி குடிச்ச கட்ட மெதக்காது. மறுக்கா கட்டிகினு போவணும்."

"அப்போ இந்தக் கயிறு?"

"கயிறுதாம்மா எல்லாம். கட்ட வெறும் வெறகு." கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி, நுனியைச் சுற்றுகளுக்கு அடியில் செருகி, ஒரு கையால் தட்டினார். "இந்தா பாரு, இந்த நுனி கீது பாரு, இத்த இப்டி உள்ள சொருவிட்டா அதுதான் புடிச்சுகினு நிக்கும். நுனி பூச்சுன்னா மொத்தமும் பூடும்."

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவர் என் காமிராவைப் பார்த்தார். அதில் தொங்கின புரியை இரண்டு விரலால் பிடித்து உருட்டினார்.

"இது மரங்கட்ற கயித்தோட புரியாச்சே. எங்கேர்ந்து எட்த்த?"

தூக்கிவாரிப் போட்டது என்று எழுதுவார்களே, அது உண்மையாகவே தூக்குகிறது. காலுக்கடியில் தரை இல்லை. ராயபுரத்தில், குப்பை என்று நினைத்து, என்று என்னென்னவோ உளறினேன். துணியைத் திரும்பச் சுற்றி வைத்ததையும் சொன்னேன்.

"சுத்தி வெச்சியா?" அவர் முகம் மாறிவிட்டது. "அட பாவமே, மொட்டையா வுட்ருந்தாலும் கைல தட்டுப்பட்ருக்குமே. இருட்டுல தடவித்தான கட்டுவாங்கோ. சுத்தின துணி கைக்கு வந்தா எல்லாம் சரியாக் கீதுன்னு சொருவிட்டுப் பூடுவான்." சூரியனைப் பார்த்தார். "விடியங்காட்டியும் பூட்ருப்பாங்கோ. நீ ஓடும்மா."

எட்டு ஐம்பதுக்கு வண்டி. கொருக்குப்பேட்டைக்கு நாலணா. அந்த முப்பத்தைந்து நிமிஷத்தில் என்ன நினைத்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. நேராக வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். யார் எடுத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? நான் போய் நின்றால் மட்டும் கடலில் இருக்கிறவனுக்கு என்ன லாபம்? இப்படி எல்லாம் நியாயம் பேசினேன். கொருக்குப்பேட்டையில் இறங்கும்போதுகூட முடிவு செய்யவில்லை. கால்தான் ரிக்‌ஷாவில் ஏறியது.

இரண்டு மைல், ஆறணா. "இன்னாம்மா, பேஜாரா கீற? வூட்ல யார்க்காச்சும் ஒடம்பு சரியில்லியா?" என்று ரிக்‌ஷாக்காரர் திரும்பித் திரும்பிக் கேட்டார். சீக்கிரம் போங்க, சீக்கிரம் போங்க என்றேன். காமிராவை இறுக்கிக் கட்டிக்கொண்டதில் ஷட்டர் அழுந்திவிட்டது. ஏழாம் படம் அப்படிப் போனது.

பத்துக்குக் கரையில் இருந்தேன். நேற்றுக் கட்டைகள் கிடந்த இடம் வெறும் மணல். அஞ்சலை அதே வாசலில் அதே கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கட்டியிருந்த சேலை சிவப்பு, மஞ்சள் கட்டம். முந்தானையில் ஒரு பட்டை கிழித்த இடம் பல்லிளித்தது. நேற்றும் அதே சேலைதான் கட்டியிருந்தாளோ என்னவோ. கிட்டத்தில் பார்க்கிறேன் பேர்வழி என்று கருவாட்டுக் கண்ணைப் பார்த்தவள், எதிரில் நின்ற மனுஷியின் சேலையைப் பார்க்கவில்லை.

"இன்னாம்மா, இன்னிக்கும் கருவாடா?" என்று சிரித்தாள்.

புரியை நீட்டினேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை; சொன்னேன். அவள் அதை வாங்கி, முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். புரியைக் கையில் மடக்கிக்கொண்டு தண்ணீரோரம் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். கருவாட்டைக் காக்கை தூக்கினது, அவள் திரும்பவில்லை.

விஷயம் குப்பத்தில் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? பெண்கள் கூடினார்கள். ஒருத்தி என்னிடம் வந்து சொன்னாள்: "அஞ்சல வூட்டுக்காரரு நாகூரான் அண்ணனும் அவ தம்பி கண்ணாயிரமும் கடலுக்குப் பூக்கீறாங்கோ. காத்து திரும்பினா பத்தரைக்கு மேல எல்லா மரமும் வந்துடும்." என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பட்ச்சவதான நீ?"

படித்தவள்தான்.

பத்தே முக்காலுக்கு முதல் கட்டுமரம் பாயை விரித்துக்கொண்டு வந்தது. பிறகு இரண்டு, பிறகு ஐந்தாறு சேர்ந்தாற்போல. ஒவ்வொரு பாய் தெரியும்போதும் அஞ்சலை எழுந்து நின்றாள். அவளுடையது இல்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்தாள். வந்தவர்களைக் கேட்டார்கள். வடக்கே போனாங்க, அப்புறம் பார்க்கல என்றான் ஒருவன். பதினொன்றரை. பன்னிரண்டு. நான் அவளுக்கு நாலு கஜம் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கிட்டேயும் போக முடியவில்லை, விலகிப் போகவும் முடியவில்லை. ஒன்றேகாலுக்கு இரண்டு கட்டுமரம் தேடிக்கொண்டு திரும்பக் கடலில் இறங்கின. அதைப் பார்த்ததும் சுடுமணலில் அப்படியே உட்கார்ந்தேன். சூடு உறைக்கவில்லை.

ஒன்று ஐம்பதுக்குத் தெரிந்தது. பாய் இல்லை. தேடப் போன மரத்தின் பின்னால், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. அதன்மேல் ஒரு தலை. ஒன்றுதான். "ஒரு ஆளுதான் கீது!" என்று யாரோ கூவினார்கள். அஞ்சலை இடுப்பளவுத் தண்ணீருக்குள் ஓடினாள். அலை ஏறி இறங்கினபோது இரண்டாவது தலை தெரிந்தது. கண்ணாயிரம் தண்ணீருக்குள் கிடந்தபடி கட்டைகளைக் கட்டிப்பிடித்திருந்தான்.

நாலு கட்டையில் மூன்றுதான் வந்தது. வலை இல்லை, மீன் இல்லை, பாய் இல்லை. கரைக்குத் திரும்புகிற வழியில் முன்கட்டு அவிழ்ந்து ஓரக் கட்டை பிரிந்துவிட்டது. நாகூரான் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டியிருக்கிறார். போதவில்லை. இருவர் கோவணத்தையும் சேர்த்து முறுக்கிக் கட்டியிருக்கிறார். அதுவும் நழுவாமல் இருக்கக் கண்ணாயிரம் இரண்டரை மணி நேரம் தண்ணீரில் கிடந்து இரண்டு கையாலும் கட்டையை அணைத்துப் பிடித்து வந்திருக்கிறான். அவன் இடது கால் கட்டைகளுக்கு நடுவில் மாட்டி, இரண்டு விரல் நசுங்கியிருந்தது. அப்படியும் கழுத்தளவுத் தண்ணீரைவிட்டு வெளியே வராமல், "அக்கா, துணி இன்னாச்சும் குடுக்கா, பொம்பளைங்கல்லாம் பாக்கறாங்கோ" என்று கத்தினான். அழுதுகொண்டிருந்த பெண்கள் எல்லாம் அழுகையோடேயே சிரித்தார்கள். என் தோள்பையில் இருந்த துண்டை வீசினேன்.

அதன்பிறகுதான் அஞ்சலை என்னிடம் வந்தாள். பளீரென்று ஓர் அறை. இடது கன்னம். என் அம்மாகூட என்னை அடித்ததில்லை. வலித்ததைவிட, அப்பாடா என்று இருந்ததுதான் எனக்கே அதிர்ச்சி.

"வுடு அஞ்சல," என்றார் நாகூரான். இடுப்பில் யாரோ கொடுத்த கைலியோடு மணலில் உட்கார்ந்திருந்தார். "நானும்தான் பாக்காம சொருவிட்டேன். துணி கைக்கு வந்துச்சு, பூட்டேன்." பிறகு என்னைப் பார்த்தார். "எதுக்கும்மா அந்தப் புரி ஒனுக்கு?"

படம் எடுக்கப் பன்னிரண்டு அங்குலம் அளக்க என்றேன். சொல்லும்போதே நாக்கு கூசியது.

அவர் தன் கையை நீட்டிக் காட்டினார். "அளக்கறதுக்கா? ஏம்மா, கை இல்லியா ஒனுக்கு? நாங்க வலை, கயிறு, கடல் ஆழம் எல்லாத்தியும் கையிலதான அளக்கறோம்."

என் கையைப் பார்த்தேன். பின்பக்கம் முழங்கை முட்டியிலிருந்து மூடிய முஷ்டி வரை. வீட்டுக்கு வந்து ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு அங்குலம், ஒரு நூல்கூடக் கூடவில்லை, குறையவில்லை. முப்பத்தைந்து வருஷமாக அது என் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

நான் கிளம்பும்போது நாகூரான் கூப்பிட்டார். தலைப்பாகையும் கோவணமும் முறுக்கிக் கட்டின கட்டு இன்னும் அவிழ்க்காமல் இருந்தது. "போட்டோ மீதி கீதா? இத்தப் புடி. இதுதான் எங்கள கொண்ணாந்து சேத்துச்சு." எட்டாம் படம் அது. கையால் அளந்து எடுத்தேன். கண்ணாயிரத்தைக் கைவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். விரல் இரண்டும் தப்பிவிட்டன, நகம்தான் போனது. பிரிந்துபோன கட்டை மறுநாள் காசிமேட்டுப் பக்கம் ஒதுங்கிற்று என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். வலை ஒதுங்கவில்லை. அவர்கள் வேண்டாம் வேண்டாம் என்றும் புது வலைக்கு நூல் வாங்கிக் கொடுத்தேன். அதை வலையாகப் பின்னி முடிக்க அஞ்சலைக்கு இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். அந்த இரண்டு மாதத்தை நான் எந்தக் கடையில் போய் வாங்குவது?

கழுவி, எட்டுப் படம் போட ஒன்றரை ரூபாய். கருவாடு மங்கல். ரிக்‌ஷாவில் விழுந்தது வெறும் வானம். மற்ற ஆறும் பளிச்சென்று வந்திருந்தன. நாலாவதைக் கையில் எடுத்தேன். சிவப்புத் துணிச் சுற்று வரிவரியாக விழுந்திருக்கிறது. துணி முடிகிற இடத்தில் இரண்டு புரி. மூன்றாவது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பள்ளம், நிழல் விழுந்து கறுப்பாக. நார்நாராகத் தெரிகிறது. எடுத்தவள் நான். கண்ணெதிரே பன்னிரண்டு அங்குலத்தில் இருந்தது, பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை படங்களை எடுத்துக்கொண்டு போனேன். முடிச்சுப் படத்தை நாகூரான் வாங்கிக் குடிசைக்குள் செருகி வைத்துக்கொண்டார். கயிற்றுப் படத்தை அஞ்சலை ரொம்ப நேரம் பார்த்தாள். அறைந்த பிறகு அவள் என்னோடு பேசியிருக்கவில்லை. படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மடியில் கிடந்த, பின்னத் தொடங்கியிருந்த வலையை எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"கேட்டிருந்தா ஒரு மொழமே குட்த்திருப்பேனே."

இனி, போக நினைக்கிறவர்களுக்கு. மாசி, பங்குனி நல்ல மாதங்கள். கடல் சாது, வெளிச்சம் தாராளம். எண்ணூருக்கு முதல் பாசஞ்சரில் போங்கள். காலை எட்டரைக்குள் படம் எடுத்துவிட வேண்டும். அதற்குமேல் வெளிச்சம் தட்டையாகி உப்பும் மணலும் ஒன்றாகிவிடும். இரண்டு நாள் பஸ், ரயில், ரிக்‌ஷா, டீ எல்லாம் சேர்த்து எனக்கு ஒன்றே முக்கால் ரூபாய். சில்லு, பிளாஸ்திரி, சுருள், கழுவின கூலி நாலு ரூபாய் ஐந்தணா. ஆக ஆறு ரூபாய் ஓரணாவில் ஒரு வகுப்புச் சுவரை நிரப்பலாம். சிங்கத்தைக் கழற்றிவிட்டு நண்டை மாட்டியிருக்கிறோம். கயிற்றுப் படமும் அங்கேதான் மாட்டியிருக்கிறது. அது என்ன என்று பிள்ளைகள் கேட்டபோது, பெஞ்சுமேல் நிற்க வேண்டியது யார் என்பதையும் சொல்லிவிட்டேன்.

செருப்பு உறுதியானதாகப் போட்டுக்கொள்ளுங்கள். கரையில் பிரித்துக் கிடக்கிற கட்டை குப்பை இல்லை, வெளுத்த கயிறு பழசும் இல்லை. தூரத்தைக் கையால் அளந்துகொள்ளுங்கள். அதற்கும்மேல் ஒரு துண்டு நூல் வேண்டும் என்றால் முப்பது கஜத்தில் யாராவது கருவாடு புரட்டிக்கொண்டிருப்பார்கள். போய்க் கேளுங்கள். கொடுப்பார்கள்.